குளத்திலிருந்து வந்த புல்வெட்டித் தட்டு

பாலிடெக்னிக்கில் ஒர்க்‌ஷாப் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. நான்கு பழைய பவர் டில்லர்கள், இரண்டு குட்டி டிராக்டர்கள், அவற்றோடு வந்த கலப்பைகள், சேற்றில் ஓட்டுகிற இரும்புச் சக்கரங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் நேராக அங்கேதான் போவேன். என் கணவருக்கு இதில் ஒரே ஒரு நிபந்தனை உண்டு. கிரீஸ் கையோடு சாப்பிட வரக் கூடாது.

வண்டிகளைச் சேர்ப்பதைவிட, அவை என்னவென்று கண்டுபிடிப்பதுதான் எனக்குப் பிடித்த வேலை. இந்தப் பக்கத்தில் ஒரு வண்டி பத்துக் கை மாறியிருக்கும். ஒவ்வொருவரும் ஒரு கோட் பெயின்ட் அடித்திருப்பார்கள். பேர்த்தகடு எப்போதோ பிடுங்கப்பட்டிருக்கும். பெயின்டைச் சுரண்டி அடி நிறத்தைப் பார்ப்பேன். கியர்ப் பெட்டியின் அடியில் வார்ப்பிலேயே பதிந்திருக்கும் எண்ணைத் தேடுவேன். எந்த போல்ட் அசல், எது பின்னால் போட்டது என்று பிரித்து வைப்பேன். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வேன். அந்த நோட்டில் எழுதியது தப்பாக இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

இரண்டு குட்டி டிராக்டர்களில் ஒன்று குமராட்சிப் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து வந்தது. லால்பேட்டையில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் பாய்தான் எனக்கு இதிலெல்லாம் துணை. சொந்தமாக மினி லாரி வைத்திருக்கிறார். கடைக்கு வருவதில் வித்தியாசமாக எது கண்ணில் பட்டாலும் உடனே எனக்குப் போட்டோ அனுப்புவார். அவர்தான் அந்த வீட்டுக்கு என்னைக் கூட்டிப்போனார்.

வீட்டுக்காரருக்கு அறுபது வயதுக்குக் கிட்டே இருக்கும். நெல் விவசாயம், கொஞ்சம் தென்னை. அதிகம் பேசாத மனிதர். கடலூர்ப் பக்கம் முந்திரித் தோப்பு வைத்திருந்த ஒரு வெளிநாட்டுக்காரர் ஊரைவிட்டுப் போகும்போது சாமான்களை ஏலம் விட்டாராம். அதில் அவருடைய அப்பா எடுத்த வண்டி அது. பெட்ரோல் இன்ஜின், ஒரே சிலிண்டர். அதன் சீட்டில் உட்கார்ந்தால் முழங்கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மாட்டுக் கொட்டகையில் வைக்கோலுக்கு அடியில் கிடந்தது. கொடுக்கும்போது அவர் ஒன்றும் வருத்தப்பட்ட மாதிரி தெரியவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து கவிழ்த்துப் பார்த்தபோது, வயிற்றுப் பக்கத்தில் மூன்று கொக்கிகள் இருந்தன. அவை எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. பழைய வண்டிக்காரர்கள் கூடும் ஒரு இணையக் குழுவில் படம் போட்டேன். எங்கோ இருந்து ஒருவர் பதில் எழுதினார்: அது புல்வெட்டும் தட்டைத் தொங்கவிடுகிற இடம். பெரிய சட்டியைக் கவிழ்த்த மாதிரி ஓர் இரும்புத் தட்டு, அதற்குள் சுற்றுகிற ஒரு கத்தி. வண்டி போகப் போகப் புல்லை வெட்டிப் பக்கத்தில் தள்ளும். இந்த ஊரில் அப்படி ஒன்று இருந்தது என்பதே எனக்கு அதிசயமாக இருந்தது. குமராட்சிக்காரருக்கு போன் செய்து கேட்டேன்.

"அதெல்லாம் இல்லீங்க டீச்சர். அது எப்பவோ போயிடுச்சி" என்றார்.

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அப்படி ஒரு சட்டி கண்ணில் பட்டால் சொல்லும்படி பாயிடம் சொல்லிவைத்தேன்; மூன்று வருடமாக நானும் பழைய இரும்புக் கடைகளில் தேடினேன்.

போன கோடையில் பாயிடமிருந்து போட்டோ வந்தது. அதே கிராமத்துக் குளத்தைத் தூர் வாரியிருக்கிறார்கள். ஜேசிபி அள்ளிய சேற்றில் வட்டமாக ஏதோ வந்திருக்கிறது. ஊர்க்காரர்கள் அதைப் பாய் கடையில் போட்டுவிட்டார்கள். "அக்கா, நீங்க கேட்ட சட்டி இதானா பாருங்க. துரு ஜாஸ்தியா இருக்குது" என்று குரல் பதிவும் அனுப்பியிருந்தார். அன்றைக்கே பஸ் பிடித்து லால்பேட்டைக்குப் போனேன். தட்டின் மேலே, கொக்கியில் மாட்டுவதற்கு மூன்று காதுகள், மூன்று ஓட்டைகள். நான் எடுத்துப்போயிருந்த அளவுப்படி, என் வண்டியின் கொக்கிகளுக்கு நேராக வந்தன.

இரண்டு மாதம் அதோடு கிடந்தேன். ஓட்டை விழுந்த இடங்களில் தகடு வைத்து வெல்டிங் பிடித்தேன். பேரிங் மாற்றினேன். கத்தி சேற்றுக்குள் புதைந்து கிடந்ததால் அவ்வளவு மோசமாகவில்லை. தீட்டியதும் பளபளத்தது. நோட்டில் எழுதினேன்: "கொள்ளிடம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டுக் குளத்தில் புதைந்தது." காதுகளில் மாட்டியிருந்த இரும்புப் பின்களை யாரோ ஒழுங்காகக் கழற்றி, கம்பியில் கோத்து, தட்டின் மேலேயே கட்டி வைத்திருந்தார்கள். அதையும் அடுத்த வரியில் எழுதியிருக்கிறேன். வெள்ளம் பின்னைக் கழற்றிக் கோத்து வைக்காது என்று அப்போது எனக்குத் தோன்றவேயில்லை.

தட்டை வண்டியில் மாட்டி ஓட்டிப் பார்த்தேன். நன்றாக வெட்டியது. அந்தச் சந்தோஷத்தில்தான் குமராட்சிக்காரருக்கு மறுபடி போன் செய்தேன். வண்டி ஓடுகிறது, கொண்டுவந்து காட்டுகிறேன் என்று மட்டும் சொன்னேன். தட்டைப் பற்றிச் சொல்லவில்லை. நேரில் பார்த்து அவர் ஆச்சரியப்பட வேண்டும் என்று ஆசை. அவரும் சந்தோஷமாகவே பேசினார்.

"சிதம்பரத்துல என் தங்கச்சி இருக்குது. அதையும் வரச் சொல்றேன். சின்ன வயசுல அந்த வண்டியிலயே கெடக்கும்" என்றார்.

ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் வீட்டு வாசலில் பாய் மினி லாரியை நிறுத்தினார். பலகை போட்டு வண்டியை இறக்கினோம். தட்டு தெரியாதபடி வண்டியின் வயிற்றைச் சுற்றித் தார்ப்பாய் கட்டியிருந்தேன். அண்ணனும் தங்கையும் வெளியே வந்தார்கள். தங்கைக்கு ஐம்பத்திரண்டு, ஐம்பத்து மூன்று வயது இருக்கும். சிரித்த முகம். வலது காலில் மட்டும் முன்பக்கம் மூடிய செருப்பு. வண்டியைப் பார்த்ததும் கிட்டே வந்து சீட்டைத் தடவினார்.

நான் தார்ப்பாயை உருவினேன்.

அண்ணன் பார்த்தார். அவர் முகம் எப்படி மாறியது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வாசல் படியைக் கையால் தேடி உட்கார்ந்தார். பிறகு உடனே எழுந்து வீட்டுக்குப் பின்னால் போய்விட்டார். அவர் வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது. பாய் என்னைப் பார்த்தார். நான் தங்கையைப் பார்த்தேன். அவர் குனிந்து, வலது காலிலிருந்து செருப்பைக் கழற்றினார். அந்தப் பாதத்தில் விரல்களே இல்லை. பாதத்தில் பாதிதான் இருந்தது.

"இதுதான் எடுத்துச்சி டீச்சர்" என்றார்.

வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கை கத்திக்குக் கிட்டே இருக்கிறது என்று தெரிந்ததும் சட்டென்று இழுத்துக்கொண்டேன். இரண்டு மாதம் நான் தீட்டிய கத்தி. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன்.

அதற்குள் தங்கையே நடந்ததைச் சொன்னார். அப்போது அவருக்கு ஒன்பது வயது. தென்னந்தோப்பில் புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் பின்சக்கரத்தின் மட்கார்டில் உட்கார்ந்திருந்தார். வண்டி திரும்பும்போது வழுக்கி விழுந்துவிட்டார். மூன்று மாதம் ஆஸ்பத்திரி. அவர் வீட்டுக்கு வருவதற்குள் அப்பா தட்டைக் கழற்றிக் குளத்தில் போட்டுவிட்டார். சாகிற வரைக்கும் அப்பா அந்தத் தோப்புக்குள் போகவில்லை.

"அப்பாதான் ஓட்டிக்கினு இருந்தாங்கன்னு ஊருக்கே தெரியும். ஆஸ்பத்திரியிலயும் அப்டிதான் எழுதிக் குடுத்தாங்க."

அதற்குள் அண்ணன் முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்திருந்தார். தங்கை சொன்ன கடைசி வார்த்தைகள் அவர் காதில் விழுந்தன. தோளில் கிடந்த துண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அப்பா ஓட்டல" என்றார். "நான்தான் ஓட்டுனேன். எனக்குப் பதினாலு வயசு. அப்பா வரப்புல நின்னுக்கினு இருந்தாரு. யார் கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

பாய் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாங்கள் இருவரும் இதைக் கேட்டிருக்கவே கூடாது. அந்த வாசலைவிட்டு எப்படிப் போவது என்றும் எனக்குத் தெரியவில்லை.

தங்கை செருப்பைப் போட்டுக்கொண்டார். "எனக்குத் தெரியும்ணே" என்றார். "கீழ கெடந்தவளுக்குத் தெரியாதா, சீட்ல யார் இருந்தாங்கன்னு?"

"அப்புறம் ஏன் இத்தினி வருசமா ஒரு வார்த்த கேக்கல?"

"நீ சொல்லுவேன்னு இருந்தேன். நீ சொல்லல. அப்பா பேரே இருக்கட்டும்னு வுட்டுட்டேன்."

அவர் அழவில்லை. அண்ணன்தான் அழுதார். அறுபது வயது மனிதர் இரண்டு அந்நியர்களுக்கு முன்னால் வாய்விட்டு அழுததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். தங்கை அவர் பக்கத்தில் போய் நின்றாரே தவிர, தொடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "டீச்சருக்கு டீ போடச் சொல்லுண்ணே" என்றார். நாங்கள் டீ குடித்தோம். அதன் ருசி எனக்கு நினைவில்லை.

வண்டியை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, சிதம்பரம் தாண்டியதும் பாய் லாரியின் வேகத்தைக் குறைத்தார். பிறகு, "அத என் கடையிலயே ஒடச்சிப் போட்ருக்கணும்க்கா" என்றார். அன்றைக்கு வீட்டில் எதுவும் சாப்பிடப் பிடிக்கவில்லை. பல நாள் கொட்டகைப் பக்கம் போகவில்லை. மூன்று வருடமாக நான் தேடி அலைந்தது எதை என்று நினைக்க நினைக்க உடம்பு கூசியது.

ஒரு மாதம் கழித்து அந்த அண்ணன் போன் செய்தார். தங்கையோடு கடலூர் வருகிறாராம், வண்டியைப் பார்க்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. இருவரும் பஸ்ஸில் வந்தார்கள். கொட்டகையைத் திறந்துவிட்டேன். அவர் என்னிடம் ஸ்பேனர் கேட்டு வாங்கினார். நான் பிடிக்கிறேன் என்றதற்கு, வேண்டாம் என்று தலையசைத்தார். மண்டியிட்டுத் தட்டைக் கழற்றி, கவிழ்த்து, கத்தியின் போல்ட்டையும் கழற்றினார். ஒரு தடவைகூட ஸ்பேனர் நழுவவில்லை.

கத்தியைத் துணியில் சுற்றித் தங்கையிடம் நீட்டினார். அவர் துணியைப் பிரித்துப் பார்த்தார். ஒரு கையால் சாண் போட்டு அளந்தார். இரண்டு சாணும் கொஞ்சமும் வந்தது.

"இவ்ளோதானா?" என்றார். "நான் ஆள் ஒசரம் இருக்கும்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

அண்ணன் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். தங்கை கத்தியை என் ஒர்க்‌ஷாப் மேசைமேல் வைத்துவிட்டு, கை கழுவத் தண்ணீர் கேட்டார். குழாயைக் காட்டினேன். சோப்புப் போட்டு நிதானமாகக் கழுவிக்கொண்டு வந்தவர், அண்ணன் சட்டையில் ஒட்டியிருந்த கிரீஸைப் பார்த்து, "இந்தக் கறை போவாது, அண்ணி திட்டப்போறாங்க" என்றார். பிறகு என்னிடம், சிதம்பரத்துக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.