பெரிய வெள்ளியன்று ஒரு படகு

உலகச் சண்டை முடிந்த மறு வருஷம். துறைமுகத்தில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் நாங்கள் மூன்று நண்பர்கள் குமாஸ்தாக்கள். பெரிய வெள்ளிக்கு விடுமுறை என்றதும் முயல் தீவுக்குப் போகத் திட்டம் போட்டோம். கூட வேலை பார்த்த அந்தோணியின் வீட்டில் படகு இருந்தது.

"ஏலே, நீயும் வா" என்றோம். உடனே தலையாட்டினான்.

அன்று காலையில் புளியோதரையும் சீட்டுக்கட்டுமாகத் திரேஸ்புரம் கரைக்குப் போனோம். கடலில் ஒரு படகின் பாய்கூடத் தெரியவில்லை. எல்லாப் படகுகளும் மணலில் கிடக்க, அந்தோணி மட்டும் தன் படகைத் தனியாகத் தள்ளிக்கொண்டிருந்தான். கறுப்புச் சேலை கட்டிய அவனுடைய அம்மா எங்களிடம் வந்தார்.

"ஆண்டவரு உயிர் விட்ட நாளுய்யா. எங்க ஆளுவ யாரும் கடல்ல இறங்க மாட்டாவ. வாக்குக் குடுத்துட்டேன்னு இவன் பச்சத்தண்ணி பல்லுல படாம நிக்கான்."

எனக்குக் கோபம்தான் வந்தது. "மொதல்லயே சொல்லியிருக்கலாம்லாலே?"

அந்தோணி மணலைப் பார்த்தபடி சொன்னான்: "நீங்க என்னியக் கூப்பிட்டதே இதான் மொதத் தடவ."

நாங்கள் மூவரும் அவனோடு சேர்ந்து படகைத் திரும்ப மேட்டுக்கு ஏற்றினோம்.

படகு தேவைப்படாத ஊருக்குப் போவதாக இருந்தால் அவனைக் கூப்பிட்டிருப்போமா? அந்தோணி இதை ஒருநாளும் கேட்டதில்லை. நான்தான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.