சமையல்கட்டுச் சுவரில் இறங்கியவர்கள்

பார்வதத்தின் கணவர் நாராயணசுவாமி, உலை வைப்பதற்கு முன் தினமும் ஒரு காரியம் செய்வார். சுவருக்கு முதுகைக் காட்டி நின்று, குனிந்து, தன் இரண்டு கால்களுக்கு நடுவே அந்தச் சுவரைப் பார்ப்பார். பதினாறு வருஷமாகப் பார்வதம் இதைக் கவனித்து வந்தாள்.

திருத்தணி மலைப் படிக்கட்டின் பாதியில், ஓரமாக இருந்த அன்னதானச் சத்திரத்தில் அவர் சமையல்காரர். குரங்குகளுக்குப் பயந்து சமையல்கட்டுக் கதவு எப்போதும் சாத்தியே இருக்கும். ஜன்னல் கிடையாது. கதவில் தாழ்ப்பாள் கழன்று விழுந்த இடத்தில் காலணா அளவுக்கு ஒரு ஓட்டை. வெயில் அடித்தால் அதன் வழியாகப் படிக்கட்டு முழுவதும் எதிர்ச்சுவரில் படமாக விழும். ஜனங்கள் தலைகீழாக நடப்பார்கள். மஞ்சள் வேட்டி மஞ்சளாகவே தெரியும், பச்சைப் புடவை பச்சையாகவே தெரியும். ஏறுகிறவர்களை அதில் எண்ணித்தான் நாராயணசுவாமி அரிசி போடுவார்.

"அதுக்கு ஏங்க இப்படிக் குனியணும்?" என்று ஒருமுறை கேட்டாள்.

"நேரா பார்த்தா மயக்கம் வருது."

1956ஆம் வருஷம் ஆனி மாதம் சத்திரத்து தர்மகர்த்தா வீரபத்திரன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "சாமி, போன வாரம் ஒன்பது பேர் பட்டினியாப் போனாங்க. இன்னொரு தரம் ஒரு இலைக்காவது சோறு இல்லன்னா, பள்ளிப்பட்டுல இருக்கற என் மச்சானைச் சமையலுக்குக் கூட்டியாந்துடுவேன்."

அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் நாராயணசுவாமிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அரிசி மூட்டைமேல் சாய்ந்தபடி, "நீ பாரு," என்றார்.

புடவை கட்டிக்கொண்டு அப்படிக் குனிய முடியுமா? பார்வதம் நிமிர்ந்து நின்றே பார்த்தாள். படம் கலங்கலாக இருந்தது. அவருடைய வெள்ளெழுத்துக் கண்ணாடியை எடுத்து ஓட்டையில் அண்டக் கொடுத்து, முறத்தில் வெள்ளைத் துணியைப் போட்டு, முழ நீளம் தள்ளிப் பிடித்தாள். துணியில் ஆட்கள் சின்னதாக, பளிச்சென்று வந்தார்கள். ஒருத்தியின் மூக்குத்திகூடத் தெரிந்தது.

"எல்லாரும் கீழ இறங்கிப் போறாங்க," என்றாள்.

"நல்லா பார்த்தியா?"

"ஆங். மஞ்சத் துணிக்காரங்க கும்பலா இறங்கறாங்க. அட, தர்மகர்த்தாகூடக் குடையோட வீட்டுக்குப் போறாரு."

"விட்டுது தொல்லை. சின்ன அண்டா போதும்," என்றார் நாராயணசுவாமி.

சின்ன அண்டா கொதிக்கத் தொடங்கியபோது முறத்திலிருந்த படம் முழுவதும் அணைந்துபோனது. வீரபத்திரனின் தொப்பை ஓட்டையை மூடியிருந்தது. அடுத்த நொடி கதவு தட்டப்பட்டது.

"ஆர்.கே.பேட்டை நெசவுக்காரங்க இருநூறு பேர் வேண்டுதலுக்கு வந்துகினு இருக்காங்க. சோறு ரெடியா?"

பார்வதத்துக்கு அப்போதுதான் உறைத்தது. தலைப்பக்கத்து வெளிச்சம் ஓட்டைக்குள் நுழைந்து கீழே போகிறது. கால்பக்கத்து வெளிச்சம் மேலே போகிறது. ஆளே தலைகீழ் என்றால் அவன் ஏறுவதும் தலைகீழ்தான். கணவர் குனிந்து பார்த்து அதை நேராக்கிக்கொண்டிருந்தார், தனக்கே தெரியாமல்.

வீரபத்திரன் உள்ளே வந்து சின்ன அண்டாவை எட்டிப் பார்த்தார். முகம் சிவந்தது. பார்வதம் சட்டென்று கதவைச் சாத்தினாள். முறத்தை ஒரு கையிலும் கண்ணாடியை மறு கையிலும் கொடுத்து, "ஐயா, இப்படிக் கொஞ்சம் பிடிங்க," என்றாள்.

அவர் பிடித்தார். அவ்வளவுதான், வந்த வேலை மறந்துபோனது.

"யாருடா இது... என் மச்சானும் கும்பலோட தலையால நடந்து வரான். ஐயையோ, குடுமியப் பாரு." விழுந்து விழுந்து சிரித்தார். "அம்மா, இந்தச் செவப்புப் புடவை யாரு? ஆடாம இரு சாமி, அடுப்ப ஊதாத, படம் மங்குது."

நாராயணசுவாமி இடுப்பைப் பிடித்துக்கொண்டே பெரிய அண்டாவை ஏற்றினார். பார்வதம் விறகைத் திணித்தாள். வெளியே ஜனங்கள் கதவைத் தட்டினார்கள்.

"இருங்கப்பா. ஓட்டைய மறைக்காதீங்க," என்று உள்ளிருந்து கத்தினார் தர்மகர்த்தா.

முக்கால் மணி நேரம் கழித்துப் பெரிய அண்டா இறங்கியது. எல்லா இலைக்கும் சோறு விழுந்தது. நேரமானதற்கு யாரைத் திட்டுவது என்று வீரபத்திரன் யோசித்துப் பார்த்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

இப்போதும் சமையல் நாராயணசுவாமியிடம்தான் இருக்கிறது. மச்சான் பள்ளிப்பட்டிலேயே கல்யாணச் சமையல் செய்கிறார். தலை எண்ணுவது பார்வதம். இறங்குகிறவர்களுக்குத்தான் அவள் அரிசி போடுகிறாள்.