வலது மூலையில் சூசைதாசன்

கனடாவின் ஸ்காபரோவில் தமிழர் வீட்டுக் கலியாணம் எதையாவது இணையத்தில் நேரலையாகப் பார்த்தால், திரையின் மூலையில் கோட்டும் கழுத்தில் ரையுமாக ஒருவர் சிரித்துக்கொண்டு நிற்பார். மாப்பிள்ளை என்று நினைத்துவிடாதீர்கள். மாப்பிள்ளை, பாவம், நடுவில் வியர்த்து வழிந்துகொண்டு நிற்பார். மூலையில் சிரிப்பவர் வீடு விற்பவர். படத்துக்குக் கீழே அவருடைய ஃபோன் நம்பர் இருக்கும்.

அந்த மாதிரி ஆட்களை மூலையில் கொண்டுவந்து நிறுத்துவதுதான் பேர்ணடெற்றின் வேலை. கிழமை நாட்களில் ஒரு பேக்கரியில் பாண் பொதி செய்வாள். சனி, ஞாயிறு வந்தால் புருஷன் மாக்கஸ் கமராவோடு முன்னுக்கு ஓட, இவள் மண்டபத்தின் கடைசி வரிசையில் லப்ரொப்பை விரித்துவைத்துக்கொண்டு குந்திவிடுவாள். முன்பெல்லாம் மாக்கஸ் கலியாணத்தைப் பிடித்து, ஆறுதலாக மூன்று மாதம் கழித்து டிவிடி கொடுத்தாலும் சனம் வாயைத் திறக்காது. 2009 மே மாதம் இலங்கையில், ஊரில் சண்டை முடிந்த பிறகு அந்தக் காலம் போய்விட்டது. ஒரு குடும்பத்தில் பாதி முகாமுக்குள், மீதி லண்டனிலும் பாரிசிலும் சென்னையிலும். மிஞ்சியவர்கள் ஒருவரையொருவர் கண்ணால் காணத் துடித்தார்கள். கொண்டாட்டம் நடக்கும்போதே பார்க்க வேண்டும் என்றார்கள். பேஸ்புக்கில் நேரே ஓடவிட அன்றைக்கு வழியில்லை. வேறொரு தளத்தில் படத்தை ஓடவிட்டு, அதன் இணைப்பைப் பேஸ்புக்கில் போட வேண்டும். அந்தச் செலவை யார் தலையில் கட்டுவது? வியாபாரிகள் தலையில்தான். நகைக்கடைக்கு ஒரு மூலை, சாப்பாட்டுக்காரருக்கு ஒரு மூலை, வீடு விற்பவருக்கு வலப்பக்கத்துக் கீழ் மூலை.

லோகோ போடுவது என்ன பெரிய வித்தையா என்று கேட்பவர்கள் ஒருநாள் அந்தக் கதிரையில் இருந்து பார்க்க வேண்டும். குருவானவரின் தலையில் நகைக்கடை ஏறக்கூடாது. தாலி கட்டுகிற நேரம் எல்லாவற்றையும் மறைத்துவிட வேண்டும். கேக் வெட்டும்போது திருப்பிக் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் கடைக்காரர் சண்டைக்கு வருவார். ஒருமுறை கொஞ்சம் அயர்ந்துபோனதில், சாப்பாட்டுக்காரரின் பொரித்த கோழி மாப்பிள்ளையின் தாயாருக்கு முடி சூட்டிவிட்டது. அந்த அன்ரி இன்றைக்கும் பேர்ணடெற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்.

செத்த வீடு, நினைவுப் பூசை என்றால் மட்டும் அவள் ஒரு லோகோவும் போடமாட்டாள். யார் கெஞ்சினாலும் சரி. சிலுவை ஒன்றை மேலே வைப்பாள், அவ்வளவுதான். சூசைதாசன் என்கிற வீட்டு முகவர், ஆள் நல்லவர், வாய்தான் நீளம், ஒருமுறை நைசாகக் கேட்டுப் பார்த்தார். சாவீட்டுக்கு வருகிற சனமும் ஒருநாள் வீடு வாங்கிற சனம்தானே என்றார். உங்களுக்கு வெட்கமில்லையா அண்ணை என்று இவள் கேட்டதில் மனிதர் அதோடு அந்தக் கதையை விட்டுவிட்டார்.

இப்படி மற்றவர்களின் நல்லது கெட்டதைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு உள்ளுக்குள் ஒரு நெருப்பு எரிந்துகொண்டே இருந்தது. தம்பி இக்னேசியஸ் வன்னிக்குள் அகப்பட்டவன். சண்டை முடிகிற வருசம், மாசி மாதத்தில் ஒருநாள் ஃபோன் எடுத்து, நாளைக்கு ஆறுதலாய்க் கதைக்கிறேன் என்றான். அந்த நாளை வரவேயில்லை. செத்தான் என்றும் ஒருவரும் சொல்லவில்லை, இருக்கிறான் என்றும் ஒருவரும் சொல்லவில்லை.

இல்லை, இருக்கிறான் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். அதுதான் கொடுமை. வவுனியாவில் கண்டோம், கொழும்பில் கண்டோம் என்று கதை வரும். இவள் ஓடி ஓடி விசாரிப்பாள், எல்லாம் கடைந்தெடுத்த புளுகாக முடியும். ஒருவன் ஃபோனில் இக்னேசியஸ் மாதிரியே அழுதும் காட்டினான். அவன் கேட்ட பணத்தைக் கொண்டு மாக்கஸ் புறப்பட்ட பிறகுதான் ஆள் வேறு என்று தெரிந்தது. அதற்குப் பிறகு பேர்ணடெற்றின் மனம் இறுகிவிட்டது. நம்பிக்கையை அவள் விடவில்லை, மனிதரை நம்புவதைத்தான் விட்டுவிட்டாள்.

மூத்தவள் றீற்றாவுக்கு அந்த நம்பிக்கையும் இல்லை. அக்காவும் தங்கையும் கனடாவுக்கு வந்த புதிதில் சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரே அப்பார்ட்மென்டில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தவர்கள். சண்டை உச்சத்தில் நின்ற அந்தக் குளிர்காலத்தில்தான் றீற்றா குடும்பம் அஜக்ஸில் வீடு வாங்கிப் போனது, பேர்ணடெற் ஸ்காபரோவின் வோபர்னுக்கு வந்தாள். வருசம் ஒன்றாகிறது, ஒரு பூசை ஒப்புக்கொடுக்க வேண்டும் என்று றீற்றா பிடித்த பிடியில் நின்றாள்.

“உயிரோடை இருந்தால் ஒரு ஃபோன் எடுத்திருக்க மாட்டானோ?” என்றாள் றீற்றா.

“எந்த நம்பருக்கு எடுக்கிறது? அவனுக்குத் தெரிஞ்சது ரவுண் நம்பர் ஒண்டுதான். அது வெட்டுப்பட்டுப் போச்செல்லோ.”

நீ செவ்வாய்க்கிழமை தவறாமல் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்துகிறாய், அவர் தொலைந்த சாவியைத்தான் எடுத்துத் தருவார், ஆளை எடுத்துத் தரமாட்டார் என்று றீற்றா சொன்னாள். தம்பியின் ஆத்துமம் போகிற இடம் தெரியாமல் அலையக் கூடாது, அதற்கு ஒரு இளைப்பாறுதல் வேண்டும் என்றும் சொன்னாள். சொல்லும்போது அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. குடும்பத்தில் யாராவது ஒருவர் கல்லாய் நிற்க வேண்டும் என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். பேர்ணடெற் கடைசியில் விட்டுக்கொடுத்தாள். பாரிசில் இருக்கிற மச்சான்மாருக்காக நேரலை போடுவதென்றும், அதைத் தானே பார்ப்பதென்றும் சொன்னாள். தம்பியின் பூசையை வேறொருத்தி ஓடவிடுவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அவனுடைய படத்தையும் நேரலை இணைப்பையும் பேஸ்புக்கில் போட்டார்கள். 2010 மே மாதத்துச் சனிக்கிழமை. பீடத்துக்கு வலப்பக்கத்தில் அதே படத்தைப் பெரிதாக்கி, மாலை போட்டு, முன்னால் திரி கொளுத்தி வைத்திருந்தாள் றீற்றா. பேர்ணடெற் தேவாலயத்தின் கடைசி வாங்குப் பலகையில் இருந்தாள். ஃபோனை நிறுத்திவைத்தாள். லப்ரொப்பைத் திறந்தாள்.

பிசகு இங்கேதான் நடந்தது. லோகோ போடுகிற மென்பொருள் திறந்ததும் கடைசியாய் ஓடிய நிகழ்ச்சியின் அமைப்பைத்தான் தானாக எடுத்துக்கொள்ளும். போன கிழமை ஓடியது ஒரு பிள்ளையின் புதுநன்மை விருந்து, அதற்கு ஸ்பொன்சர் சூசைதாசன் தனியாள். மற்ற நாளென்றால் அதை மூடிவிட்டு, சிலுவை மட்டும் உள்ள அமைப்பை எடுத்திருப்பாள். பிறகு இன்னொரு கணினியில் படம் எப்படிப் போகிறது என்றும் சரிபார்த்திருப்பாள். அன்றைக்குக் கண்ணை மறைத்த கண்ணீரில் இரண்டையும் செய்யவில்லை. அவள் முன்னால் ஓடிய படத்தில் லோகோ தெரியாது, கமரா காண்பதுதான் தெரியும். வெளியே உலகம் முழுவதும் போன படத்தில், மாலை போட்ட இக்னேசியசுக்குப் பக்கத்தில், வீடு வாங்கவும் விற்கவும் என்னை அழையுங்கள் என்று சூசைதாசன் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றார்.

பூசை தொடங்கியது. திரையின் ஓரத்தில் அனுதாபச் செய்திகள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. அவற்றுக்கு நடுவே பெயரில்லாத ஒருவர் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதியிருந்தார். இவர் சாகவில்லை, உயிரோடு இருக்கிறார், பூசையை நிற்பாட்டுங்கள்.

பேர்ணடெற்றுக்குப் பத்திக்கொண்டு வந்தது. செத்த வீட்டிலும் புகுந்து விளையாடுகிறதுகளே, இதுகள் நாசமாய்ப் போக என்று வாய்க்குள் திட்டினாள், தேவாலயம் என்றும் பார்க்காமல். அதே ஆள் திரும்பவும் எழுதினார். இவள் மூன்றாம் தரம் எழுத விடவில்லை. அந்த ஆள் இனி எழுத முடியாதபடி அடைத்துவிட்டாள். படத்தை மட்டும் பார்த்துக்கொண்டு கிடக்கட்டும் என்று விட்டாள்.

பிரசங்கம் முடிகிற நேரம் லண்டன் மச்சாள் எழுதினாள், இது பூசையா வீட்டு விளம்பரமா என்று. பாரிசிலிருந்தும் அப்படியே ஒன்று வந்தது. பேர்ணடெற் பதறிப்போய் மற்றக் கணினியைத் திறந்தாள். சூசைதாசனைக் கண்டாள். நிலம் பிளந்து தன்னை விழுங்கக் கூடாதா என்று இருந்தது. உடனே அவரை எடுத்தெறிந்தாள். தம்பிக்குச் செய்த கடைசிக் காரியத்தையும் தன் கையாலேயே பாழாக்கிவிட்டேனே என்று பூசை முடியும்வரை தலை நிமிரவில்லை.

தேவாலய மண்டபத்தில் சாப்பாடு. றீற்றா முதல்நாளே அஜக்ஸில் இருந்து சமைத்துக் கொண்டுவந்து, இப்போது தானே நின்று பரிமாறிக்கொண்டிருந்தாள். லண்டன் செய்தி அவளுக்கும் எட்டிவிட்டது.

“தம்பியின்ரை பூசையிலை வீடு விக்கிறியோ?” என்று எல்லாருக்கும் கேட்கக் கேட்டாள்.

பேர்ணடெற் வாசல் பக்கம் போய் நின்றாள். அப்போதுதான் சூசைதாசன் கார்ப் பார்க்கிலிருந்து ஓடி வந்தார். வயிறு முன்னால் வர ஆள் பின்னால் வந்தார். கையில் ஃபோன். தன் பெயர் கெட்டுவிட்டதென்று சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்து இவள் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினாள். அதை விடு பிள்ளை என்று கையைக் காட்டிவிட்டு, மூச்சு வாங்க வாங்க அவர் கதையைச் சொன்னார்.

அஜக்ஸில் ஒரு வீட்டின் பேஸ்மென்டை ஒரு தம்பதிக்குக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். இலங்கை நம்பர் ஒன்றிலிருந்து அழைப்பு. எந்தப் பக்கம் வீடு பார்க்கிறீர்கள், எத்தனை அறை என்று வழக்கமான பாட்டைத் தொடங்கியிருக்கிறார்.

“அவர் சொல்லுறார், ‘அண்ணை, நான் வீடு வாங்க எடுக்கேல்லை. உங்கடை படத்துக்குப் பக்கத்திலை மாலையோடை இருக்கிற படம், அது நான்’ எண்டு.”

பகிடி என்று வெட்டிவிட்டாராம். ஆள் திருப்பி எடுத்து அக்காமாரின் பெயர் சொல்லியிருக்கிறார், சென் ஜேம்ஸ் ரவுண் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகுதான் சூசைதாசன் நம்பினார். பேர்ணடெற்றுக்கும் மாக்கசுக்கும் எடுத்துப் பார்த்தால் இரண்டும் நிறுத்தி இருக்கிறது. தம்பதியைப் பேஸ்மென்டிலேயே விட்டுவிட்டு, ஆளைத் தானே திருப்பி அழைத்து, 401 நெடுஞ்சாலை வழியெல்லாம் வெட்டாமல் ஸ்பீக்கரில் வைத்துக் கதைத்தபடி வந்திருக்கிறார். “லைனிலை நிக்கிறார் பிள்ளை,” என்று ஃபோனை நீட்டினார்.

பேர்ணடெற் வாங்கினாள். அழுது காட்டியவன் ஞாபகம் வந்தது. குரலைக் கல்லாக்கிக்கொண்டு, “ஆர் நீ?” என்றாள்.

“சின்னக்கா, நான்தான். அந்தப் படத்திலை என்ரை தோளிலை ஒரு கையின்ரை விரல் கிடக்குது. அது உங்கடை கை. உங்களை வெட்டிப்போட்டு என்னைத் தனிய மாலை போட்டு வச்சிருக்கிறியள்.”

உண்மைதான். அவளே இருந்து வெட்டிய படம். விரல் நுனி மட்டும் வெட்டுப்படாமல் தோளில் மிஞ்சிக் கிடந்தது. அது யாருடைய கை என்று அவளுக்கும் அவனுக்கும் தவிர இந்த உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது.

இக்னேசியஸ் அள்ளிக் கொட்டினான். காயப்பட்டதாம், தடுப்பு முகாமாம், இந்தக் கிழமைதான் விட்டார்களாம். ரவுண் நம்பர் வேலை செய்யவில்லை. மன்னாரில் ஃபோனும் இன்ரநெற்றும் உள்ள ஒரு கொமினிக்கேசன் கடைக்குப் போக, கடைக்காரப் பெண் அக்காமாரைத் தேடலாம் என்று அவன் பெயரைப் பேஸ்புக்கில் அடித்திருக்கிறாள். வந்தது அவனுடைய சாவு அறிவித்தல். அதைத் தொட்டால் அவனுடைய பூசையே ஓடிக்கொண்டிருக்கிறது. திரையில் இருந்த ஒரேயொரு நம்பரைத்தான் எழுதி எடுத்தார்களாம்.

“அதுக்கு முதல் உயிரோடை இருக்கிறன் எண்டு இரண்டு தரம் எழுதினனாங்கள், சின்னக்கா. நீங்கள் என்னை வெளியிலை போட்டிட்டியள்.”

பேர்ணடெற்றுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாய் வந்தன. சூசைதாசனைத் தள்ளிக்கொண்டு, சாப்பிடுகிற சனத்துக்கு நடுவால் போய், பரிமாறிக்கொண்டு நின்ற றீற்றாவின் காதில் ஃபோனை வைத்தாள். இன்னும் லண்டன்காரர் விடவில்லையோ என்று றீற்றா சினத்தோடுதான் கேட்டாள். பிறகு அசையாமல் நின்றாள். அவள் காதில் இருப்பது யாருடைய குரல் என்று மண்டபத்தில் ஒருவருக்கும் விளங்கவில்லை. முன்னால் தட்டோடு நின்ற மனிதர் சோற்றுக்குக் காத்துக்கொண்டிருந்தார்.

“சாப்பிட்டியோடா?” என்றாள் றீற்றா.

இன்னும் இல்லைப் பெரியக்கா, இனித்தான் என்று அவன் சொன்னது ஸ்பீக்கரில் பக்கத்திலிருந்தவர்களுக்கும் கேட்டது.

“உனக்கெண்டுதான்ரா இவ்வளவு சனத்துக்கும் சமைச்சனான்,” என்றாள். அந்த வருசம் முழுவதும் அழாதவள், சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் நிலத்திலேயே இருந்துகொண்டு வாய்விட்டு அழுதாள்.