நூல் பட்டால் சொல்லுங்கள்

நகரியில் பவர்லூம் ஓடும் கொட்டகைகளில் நாகபூஷணத்தின் விரல்களைப் பற்றிப் பெருமையாகப் பேசுவார்கள். அறுந்த இழையைத் தேட அவருக்குக் கண் வேண்டாம். பாவு நூலின்மேல் விரலை ஓட்டினால் போதும், முடிச்சைப் போட்டுவிட்டு அடுத்த தறிக்குப் போய்விடுவார். முப்பது வருஷம் அப்படித்தான் ஓடிற்று. சர்க்கரை வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. மாத்திரையை ஞாபகம் வந்த நாளில் போட்டுக்கொள்வார்.

புரட்டாசி தவறாமல் அலிபிரியிலிருந்து வெறுங்காலோடு திருமலை ஏறுகிற மனிதர். போன புரட்டாசியில் போய்வந்தவர், கால் துளிக்கூட வலிக்கவில்லை என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டார். ஐம்பத்தாறு வயதில் அத்தனை படி!

"என் வலிய பெருமாளே வாங்கிக்கினாரு" என்றார்.

கேட்டவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஏன்யா வலிக்கவில்லை என்று ஒருத்தராவது கேட்டிருக்கக் கூடாதா?

மலையிலிருந்து வந்த பத்தாம் நாள் வீடு பெருக்கிய மனைவி தேவசேனா, அவர் நடந்த வழியெல்லாம் தரையில் ஈரத்திட்டுகள் இருப்பதைப் பார்த்தாள். வலது பாதத்தைத் திருப்பினால், கட்டைவிரலுக்குக் கீழே ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குக் குழி. சீழ் நாற்றம் அடித்தது. அவரோ மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு தறிக்குக் கிளம்பிவிட்டார். இரண்டு வாரம் மஞ்சளிலேயே போயிற்று. காய்ச்சல் கண்டபிறகுதான், அவள் சண்டை போட்டு அவரைத் திருப்பதி பஸ்ஸில் ஏற்றினாள்.

டாக்டர் கோதை பாத நோய்களுக்கென்றே படித்தவர், சின்ன வயசு. காயத்தைப் பார்த்துவிட்டு அவரைக் கண்ணை மூடச் சொன்னார். நைலான் நூலால் பாதத்தைத் தொடுவேன், பட்டதும் சொல்லுங்கள் என்றார். நாகபூஷணத்துக்குச் சிரிப்பு வந்தது. நூலைப் பற்றி அவரிடமா?

கண்ணை மூடிக் காத்திருந்தார். ஃபேன் சத்தம் கேட்டது. வெளியே யாரோ தெலுங்கில் டோக்கன் நம்பர் கூப்பிட்டார்கள். டாக்டரம்மா போன் பார்க்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

"எப்பம்மா ஆரம்பிப்பீங்க?"

கண்ணைத் திறந்தார். தேவசேனா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். நூல் அவர் பாதத்தில் அழுந்தி வளைந்து நின்றது. பத்து இடத்தில் தொட்டாயிற்று என்றார் டாக்டர்.

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. பெருமாள் எதையும் வாங்கிக்கொள்ளவில்லை. சர்க்கரை நரம்பைத் தின்றிருக்கிறது. வலித்திருந்தால் மலைப்படியில் கல் குத்தின அன்றைக்கே உட்கார்ந்திருப்பார். சீழ் எலும்புவரை இறங்கிவிட்டது, இரண்டு நாள் மருந்து ஏற்றிப் பார்ப்போம், கேட்காவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொன்னார்.

அந்த இரண்டு நாளும் ஆஸ்பத்திரி ஜன்னலில் தெரிந்த மலையைப் பார்த்து வேண்டிக்கொண்டே கிடந்தார். போவோர் வருவோர் எல்லாம் கால் பிழைக்க வேண்டினார்கள். அவர் கேட்டது வேறு.

"சுரீர்னு ஒரு தபா வலிக்கட்டும் சாமி."

மனைவியிடம் பாதத்தைக் கிள்ளச் சொன்னார். அவள் நகம் பதியக் கிள்ளினாள். ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் வலது காலை எடுத்துவிட்டார்கள்.

ஒரு வாரம் கழித்து, மத்தியானம் சோறு ஊட்டிக்கொண்டிருந்த தேவசேனாவின் கையைச் சட்டென்று பிடித்தார். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"வலிக்குது தேவு. கட்டைவெரல்ல, கல்லு குத்தற மாரி வலிக்குது."

எந்தக் கால் என்று கேட்டாள். போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தை அவர் காட்டினார்.