பூஜ்யம் போட்டுப் பார்த்தவள்

சின்னவள் அந்தப் பயிற்சியை ஒரே சாயங்காலத்தில் முடித்துவிட்டாளாம். பெரியவளுக்கு இதைச் சொன்னவர் ஆஸ்பத்திரி லிஃப்டில் கூட வந்த எக்ஸ்ரேக்காரர். அவருக்குச் சொன்னது மருந்து கவுண்டர். மருந்து கவுண்டருக்கு யார் சொன்னார்களோ தெரியாது.

"முப்பது வரிகூட இல்லையாம்மா. உங்க வீட்டுப் பொண்ணுதானே? கொடுத்துவெச்சவங்க நீங்க," என்றார்.

பெரியவள் சிரித்துவைத்தாள். அவள் எழுதியது ஆயிரம் வரி.

இருவரும் அண்ணன் தம்பியைக் கட்டியவர்கள். மேல்மாடியில் பெரியவள், கீழ்மாடியில் சின்னவள். பெரியவளுக்கு ஆஸ்பத்திரி பரிசோதனைக் கூடத்தில் ரிப்போர்ட் டைப் செய்யும் வேலை. கண்ணை மூடிக்கொண்டு அடிப்பாள். சின்னவளை அங்கேயே வரவேற்பு மேசையில் சேர்த்துவிட்டதும் அவள்தான், "ரொம்ப நல்ல பொண்ணு" என்று சிபாரிசு செய்து. நல்ல பெண்தான். இப்போது தொண்டையில் முள்ளாக நிற்பதும் அதுதான்.

கம்ப்யூட்டர் பிரிவில் ஓர் இடம் காலி. ஊழியர்களுக்கே வகுப்பு நடத்தி, கடைசிப் பயிற்சியை நன்றாகச் செய்பவருக்கு அந்த இடம் என்று சொல்லிவிட்டார்கள். பயிற்சி பார்க்க எளிதுதான். மூன்று இலக்கத்துக்குள் எந்த எண்ணைக் கொடுத்தாலும் அது எழுத்தில் வரும்படி ஒரு புரோகிராம் எழுத வேண்டும். 45 என்று தட்டினால் நாற்பத்தைந்து. பெரியவள் யோசிக்கவில்லை, அடித்தாள். பூஜ்யத்தில் தொடங்கி தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது வரை, எண்ணுக்கு ஒரு வரி.

வகுப்பு எடுப்பவர் திரையை உருட்டிக்கொண்டே போனார். "தப்பே இல்லம்மா. ஆனா லட்சம் வரைக்கும் கேட்டா என்ன பண்ணுவீங்க?"

"லீவு போட்டுட்டு அடிப்பேன் சார்."

வகுப்பே சிரித்தது. சின்னவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு மட்டும் பெரியவளுக்குத் தனியாகக் கேட்டது.

அன்று மாலை சின்னவள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தாள்.

"அக்கா, நாளைக்குக் காலைல சார் ஓட்டிப் பார்க்கப் போறாராம். நீங்க ஒரு தடவை போட்டுப் பாருங்களேன்."

"நான் எதுக்கு? என்னுது ரயில் வண்டி மாதிரி நீளம்னு ஊரே சிரிக்குது."

"சும்மா இருங்கக்கா. உங்க கண்ணுல மண்ணைத் தூவ முடியாதுன்னு லேப்ல எல்லாரும் சொல்றாங்க."

சோபாவில் சாய்ந்திருந்த பெரியவளின் கணவர், "கேக்குறா இல்ல, பாரேன். நம்ம குடும்பத்துக்கும் மூளைக்காரி ஒருத்தி வந்துட்டா," என்றார்.

"இத்தனை வருஷமா மூளை இல்லாதவ கையால சாப்பிட்டுத்தானே உடம்பு வந்துச்சு உங்களுக்கு?"

அவர் செய்தித்தாளுக்குள் போய்விட்டார்.

பெரியவள் எண்களைத் தட்டினாள். 7. 80. 316. எல்லாம் சரியாக வந்தது. ஒவ்வொரு சரிக்கும் வயிறு எரிந்தது. ஒன்றுகளைத் தனியாக, பத்துகளைத் தனியாக, நூறுகளைத் தனியாக வைத்துக்கொண்டு, கேட்கும்போது கோத்துத் தருகிறது. இவ்வளவுதானா? இது ஏன் எனக்குத் தோன்றவில்லை?

கீழே குக்கர் விசிலடித்தது. சின்னவள் அடுப்பை அணைக்க ஓடினாள். அந்த இடைவெளியில் பெரியவள் 0 போட்டாள்.

ஒன்றுமே வரவில்லை. வெறும் வரி.

வரவேற்பில் டோக்கன் கூப்பிடுகிறவள் சின்னவள். அவள் மேசையில் ஒன்றுக்கு முன்னால் எண்ணே கிடையாது. பரிசோதனைக் கூடத்தில் அப்படி இல்லை. பூஜ்யம் என்றால் சோதித்தோம், எதுவும் இல்லை. கட்டம் காலியாக இருந்தால் சோதிக்கவே இல்லை. காலிக் கட்டத்தோடு போன ரிப்போர்ட்டை எந்த டாக்டரும் முகத்தில் வீசாத குறையாகத் திருப்பி அனுப்புவார். வகுப்பு எடுப்பவர் மட்டும் பூஜ்யத்தைப் போட்டுப் பார்க்காமல் விடுவாரா?

படியில் செருப்புச் சத்தம். பெரியவள் அதை அழித்துவிட்டு 512 தட்டினாள்.

"என்னக்கா, சரியா இருக்கா?"

திரையில் ஐந்நூற்றுப் பன்னிரண்டு என்று இருந்தது.

"சரியா இருக்கு."

"அப்பாடா. நீங்க சொன்னா போதும், இனிமே அதைத் தொடவே மாட்டேன்," என்று சின்னவள் லேப்டாப்பை மூடினாள்.

பெரியவளுக்கு அன்று சாப்பாடு நன்றாக இறங்கியது. இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலை, ரத்தம் எடுக்கும் பெண் குழாய்களைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றாள்.

"உங்க சின்னவளைப் பார்த்தேன். மத்தவங்க எல்லாம் நகத்தைக் கடிச்சிட்டு இருக்காங்க, இவ ஜம்முனு உக்காந்திருக்கா. எங்க அக்கா பார்த்தாச்சு, இனிமே எனக்கென்னன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருக்கா."

"எல்லார்கிட்டயுமா?"

"சார்கிட்டகூட."

பெரியவள் அடித்துக்கொண்டிருந்த ரிப்போர்ட்டைப் பாதியில் விட்டாள். போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்கு வந்தாள். சேர்க்க வேண்டியது ஒரே ஒரு வரி. சொன்னால் அந்த இடம் அவளுக்கு. தினமும் லிஃப்டில் எக்ஸ்ரேக்காரர் வாழ்த்துச் சொல்வார், வீட்டில் சோபாவிலிருந்து மூளைக்காரி புராணம் கேட்கும். சொல்லாவிட்டால், எல்லாவற்றையும் பார்க்கிற கண் இதை மட்டும் எப்படி விட்டது என்று கேட்பார்கள். சின்னவள் கேட்கவே மாட்டாள். அதைத்தான் தாங்க முடியாது.

எரிச்சலோடுதான் சின்னவளின் போன் எண்ணை அழுத்தினாள். மணி முழுவதும் அடித்து ஓய்ந்தது. மறுபடி அழுத்தினாள்.

"எடுடி," என்றாள் சுவரைப் பார்த்து. "எடுத்துத் தொலையேன்."

மணி அடித்துக்கொண்டே இருந்தது.