ஜனவரி முதலாம் திகதிக்காரர்

மதுஷன் றஸ்னாவை முதன்முதல் கண்டது சிலாவத்துறையில், பள்ளிக்கூடத்துக் கணினி அறையில். உயிர்மருத்துவத் தகவலியல் என்ற படிப்பையும் தொழிலையும் உயர்தர வகுப்பு மாணவருக்கு அறிமுகப்படுத்த அவன் வந்திருந்தான். பாப்பாமோட்டைக்காரன், வீட்டின் முதல் பட்டதாரி. அவனுடைய வேலை என்னவென்று யாரும் கேட்டால் அம்மா செல்லாயி, "ஆஸ்பத்திரிக் கொம்பியூட்டருக்கு மருந்து குடுக்கிறான்" என்று பெருமையோடு சொல்லுவா. அவன் திருத்துவதில்லை. திருத்தினால் விளக்கவேண்டி வரும்.

அன்று விளக்கியே ஆகவேண்டியிருந்தது.

"நோயாளர் விபரங்களைக் கணினியில ஆராய்ஞ்சு, எங்க என்ன வருத்தம் கூடுது, எவ்வளவு மருந்து வேணும் எண்டு சொல்லுறம். வைத்தியர் ஒரு ஆளைப் பார்ப்பார். நாங்கள் ஊரையே பார்ப்பம்."

கடைசி வாங்கிலிருந்து ஒரு குரல் கேட்டது. "ஊசி போடத் தேவையில்லையா சேர்?"

"இல்லை."

"ரத்தம்?"

"அதுவும் இல்லை."

கேட்டவள் றஸ்னா. எழும்பி முன்வாங்குக்கு வந்து இருந்தாள். வாப்பா நௌஷாட்டுக்கு அவளை டொக்டராக்க ஆசை. அவளோ தவளை வெட்டும் பாடத்தில் தவளைக்கு முன்பே மயங்கி விழுந்தவள். யாழ்ப்பாணத்தில் நடக்கவிருந்த ஒரு வார ஆராய்ச்சி முகாமுக்கு இந்த வகுப்பிலிருந்து ஒருவருக்குத்தான் இடம். அந்த இடம் தனக்கு வேண்டும் என்று அப்போதே முடிவெடுத்துவிட்டாள்.

பயிற்சிக்குச் சீனி வருத்தக்காரரின், அதாவது நீரிழிவு நோயாளரின், கிளினிக் பட்டியல் ஒன்றைக் கொடுத்தான் மதுஷன். பெயர்கள் நீக்கப்பட்டிருந்தன, ஆளை அடையாளம் காணவே முடியாது என்று அரைமணித்தியாலம் பெருமை பேசினான். பிறந்த திகதி, ஆண் பெண், ஊர் மூன்றும் ஒத்துப்போனால் அது ஒரே ஆள் இரண்டுதரம் பதிந்தது, மிச்சத்தை அழிக்கவேண்டும் என்பது அவன் சொன்ன விதி.

"சேர், இதில பதினாலு பேர் இருக்கினம். எல்லாரும் 1970 ஜனவரி ஒண்டு. எல்லாரும் ஆம்பிளை. எல்லாரும் எங்கட ஊர்," என்றாள் றஸ்னா.

"ஒரு ஆளைப் பதினாலு தரம் பதிஞ்சிருக்கினம். பதின்மூண்டை அழியுங்கோ."

முன்வாங்கு ரொபின்சன் எப்போதோ அழித்துவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தான்.

"ஏலாது சேர். அதில ஒண்டு எங்கட வாப்பா."

"பேரே இல்லையே பிள்ளை, எப்பிடித் தெரியும்?"

"வாப்பாக்கும் சீனி வருத்தம், அடையாள அட்டையில அதே திகதி. எங்கட வயசான ஆக்களில பாதிப் பேருக்கு ஜனவரி ஒண்டுதான். தொண்ணூறில முஸ்லிம் ஆக்கள் எல்லாரையும் வடக்கிலயிருந்து வெளியேற்றினவை. புத்தளம் போகேக்க கையில ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. பதியிற ஐயா பிறந்த நாளைக் கேட்க, 'மாரி காலம்' எண்டிருக்கினம். அவர் என்ன எழுதுவார்? வருசத்தை மட்டுமட்டாப் போட்டு, ஜனவரி ஒண்டு எண்டு எழுதிட்டார்."

மதுஷன் பட்டதாரி, இலகுவில் விட்டுக்கொடுக்கவில்லை. "ஆராய்ச்சிக்கு ஆதாரம் வேணும். நாளைக்குக் கொண்டுவாங்கோ. கொண்டுவந்தா முகாம் உங்களுக்கு."

"வாப்பா விடவும் வேணுமே," என்றாள் அவள்.

மறுநாள் காலை பள்ளி வாசலில் ஓர் ஓட்டோ வந்து நின்றது. அதிலிருந்து ஆறு பேர் இறங்கினார்கள். எப்படி ஏறினார்கள் என்பது தனி ஆராய்ச்சிக்குரியது. ஆளுக்கொரு அடையாள அட்டையோடு பெயரில்லாத பட்டியலுக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். தலைமை, படகு எஞ்சின் திருத்தும் நௌஷாட்.

"உயிரோட இருக்கிற எங்கள மௌத்தாக்கின சேர் நீங்கதானோ?"

"ஒருத்தரையும் சாகடிக்கேல்லை, நௌஷாட் நானா. ஒண்டாச் சேர்த்தனான்."

"அது அதைவிட மோசம். இந்த அபூசாலியோட என்னைச் சேர்த்தா வீட்டில சோறு கிடைக்குமோ?"

"எனக்கு மட்டும் விருப்பமாக்கும்," என்றார் பக்கத்தில் நின்ற அபூசாலி. "உனக்கு என்னைவிடச் சீனி கூட."

றஸ்னா அட்டைகளை வாங்கிப் பார்த்தாள். எல்லாம் 1970 ஜனவரி ஒன்று. "பதினாலு பேரையும் ஒரு ஆளா எண்ணினா ஒரு ஆளின்ர மருந்துதான் வரும் வாப்பா. மிச்சப் பேர் கிளினிக் வாசலில சண்டை பிடிக்கவேணும்."

"சண்டை எண்டா நான் முதல்," என்றார் அபூசாலி.

"மற்ற ஆக்கள் எங்க?" என்று மதுஷன் கேட்டான்.

"மூண்டு பேர் கடலுக்குப் போட்டினம். நாலு பேர் வயலில," என்றார் நௌஷாட்.

"அப்ப பதின்மூண்டு பேர்தானே," என்றாள் றஸ்னா. அபூசாலியைத் தவிர எல்லோரும் விரலை மடக்கி எண்ணினார்கள். அவள் மெல்லத் திரும்பினாள். "அபூசாலி மாமா, உங்களிட்ட எத்தனை கிளினிக் கொப்பி?"

அபூசாலி கூரையைப் பார்த்தார். "ஒண்டு துலைஞ்சுபோச்செண்டு வேற பதிஞ்சனான். பேந்து அது அலுமாரிக்குப் பின்னால கிடந்தது."

மதுஷன் கரும்பலகையில் முதல்நாள் எழுதியிருந்த தன் கணக்கான ஒன்று என்பதை அழித்தான். பக்கத்தில் இருந்த, றஸ்னா சொன்ன பதினாலையும் அழித்தான். பதின்மூன்று என்று எழுதினான். ரொபின்சனின் நெஞ்சு பழைய இடத்துக்கு வந்தது.

நௌஷாட் மகளிடமிருந்து தன் அட்டையை வாங்கிச் சட்டைப்பையில் போட்டார். "இந்தப் படிப்பின்ர பேரைச் சொல்லவே மூச்சு வாங்குது, இதெல்லாம் ஒரு வேலையோ எண்டு இவளை மறிக்கத்தான் நினைச்சனான். கூட்டிக்கொண்டு போங்கோ சேர். இவள் இல்லாட்டி நீங்கள் ஊரையே துப்புரவாக்கிப்போடுவியள்."

றஸ்னா முகாமுக்குப் போய்வந்தாள். மதுஷனின் தொழிலுக்கே போகவேண்டும் என்று இப்போது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் கணினி விஞ்ஞானம் படிக்கிறாள். விடுமுறைக்கு வரும்போது ஊர்க் கிளினிக்கின் பட்டியலைச் சரிபார்த்துக் கொடுக்கிறாள்.