போகிறவரைக் கேட்காத ஜாகா

என் உடம்புக்கு ஏற்ற சீருடை அந்தக் கம்பெனியில் இல்லை. சுங்கைப் பட்டாணியில் ஒரு மளிகைக் கடைக்கு மேல்மாடியில் இருந்த பாதுகாப்பு நிறுவனம் அது. எனக்குக் கிடைத்த சட்டைக்குள் இன்னொருவரையும் வாடகைக்குக் குடிவைக்கலாம். தொப்பி காதில் வந்து தங்கியதால் கண் தப்பித்தது. இடுப்பில் தடி, கழுத்தில் விசில். கண்ணாடியில் பார்த்தபோது, இவனைக் கண்டால் திருடன் ஓடமாட்டான், உட்கார்ந்து சிரிப்பான், அப்படியே பிடித்துவிடலாம் என்று எனக்கு நானே தைரியம் சொல்லிக்கொண்டேன்.

எழுபதுகளின் கடைசி அது. செமிலிங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம் கைமாறியிருந்தது. ரப்பர் ஆலைக்கும் தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கும் சேர்த்து ஒரே வாசல். அந்த வாசலுக்குப் பல வருடங்களாக ஒரே ஜாகா. காவல்காரரை எல்லா இனத்தாரும் ஜாகா என்றுதான் சொல்வோம். புதிய முதலாளிகள் தீ, திருட்டுக்குக் காப்புறுதி எடுக்கப் போன இடத்தில், முதலில் உங்கள் தோட்டத்தில் என்னென்ன அபாயம் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்களாம். பார்க்க வந்தவர் எங்கள் கம்பெனி அதிகாரி. போலீசில் இருந்து ஓய்வு பெற்றவர், தமிழர்தான். அவர் தோட்டத்தைச் சுற்றி நடந்து, வேலியில் ஓட்டை, புகைக்கூடத்தை ஒட்டிக் காய்ந்த விறகு, மூடியில்லாத மண்ணெண்ணெய்ப் பீப்பாய் என்று அபாயங்களைக் கண்டுபிடித்தார். கடைசியில் வாசலில் நிழலாகப் பார்த்து உட்கார்ந்தவர், அங்கேயும் ஓர் அபாயத்தைக் கண்டார். வெளியே போகிற யாரையும் ஜாகா ‘எங்கே போகிறாய்’ என்று கேட்பதே இல்லை.

அவர் எப்படிக் கேட்பார்? வீட்டை விட்டு ஒரு காரியமாகக் கிளம்புகிறவரை எங்கே என்று கேட்டால் போன காரியம் உருப்படாது. லயத்துப் பிள்ளைகள் நடக்கப் பழகுவதற்கு முன்பே பழகிவிடும் விஷயம் இது. மிகவும் அவசியமென்றால் ஜாகா, “தூரமா?” என்பார். அவர்கள் ஆமாம் என்றோ, இல்லை பக்கம்தான் என்றோ சொல்லிவிட்டுப் போவார்கள். குறுக்கே கிடக்கும் வாசற்கட்டை மேலே போகும், கீழே வரும். அவ்வளவுதான் பாதுகாப்பு.

வாசல் எங்கள் கம்பெனியிடம் வந்தது. கம்பெனி என்னை அனுப்பியது. ஜாகாவையும் சீருடை போட்டு எங்களோடு சேர்த்துக்கொண்டார்கள், ஆனால் சோதனைக் காலம். விதிப்படி வேலை செய்தால் வேலை நிலைக்கும். இல்லாவிட்டால் போகும், வேலையோடு லயத்து வீடும் போகும்.

வீடு போவதுதான் அவருக்குப் பெரிய பயம். அவர் மனைவிக்குச் சர்க்கரை வியாதியில் பார்வை போய்விட்டது. ஆனால் அந்த வீட்டுக்குள் மட்டும் அவருக்குக் கண் தெரியும் என்றே சொல்லலாம். சுவரைத் தடவிக்கொண்டு அடுப்படிக்குப் போவார், உப்புச் சாடியைத் தேடாமல் எடுப்பார், பின்வாசல் படியில் சரியான இடத்தில் காலை வைத்து இறங்கி கோழிக்குத் தீனி போடுவார். முதன்முதலில் நான் போனபோது எனக்குத் தேத்தண்ணீர் கலக்கித் தந்தவர் அவர்தான். கோப்பையை வாங்கிய பிறகுதான் அவருக்குப் பார்வை இல்லை என்பதே எனக்குத் தெரிந்தது. வேறொரு வீட்டில் அவரைக் கொண்டுபோய் விட்டால் அன்றைக்குத்தான் அவர் உண்மையில் குருடாவார். இதை ஜாகா ஒரே ஒரு முறை சொன்னார், அதுவும் கட்டையைப் பார்த்துக்கொண்டு.

முதல் வாரம் எனக்குக் கடமை உணர்ச்சி அதிகம். சீருடை உடம்பில் ஒட்டாததை அதைக் கொண்டு சரிக்கட்டினேன். சாமான் வாங்கப் பாசாருக்குக் கிளம்பிய ஓர் அக்காவைக் கட்டையை இறக்கி மறித்து, எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு காவல் கொட்டகைக்குள் வந்து, பெஞ்சியில் உட்கார்ந்து, தண்ணீர் கேட்டார். கேட்டவன் வாயால் வந்த தடங்கலுக்கு அதுதான் பரிகாரம். திரும்பி வந்து உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் புதிதாகக் கிளம்ப வேண்டும். குடித்தார், கிளம்பினார். புதிதாகக் கிளம்புகிறவரை மறுபடி கேட்க வேண்டும் என்பதுதானே விதி? கேட்டேன். அவர் மறுபடி வந்து பெஞ்சியில் உட்கார்ந்தார்.

பீடோங் பஸ் போய்விட்டது.

“தம்பி, ஒன்னு நீ கேக்கறத நிறுத்து, இல்ல நான் இங்கயே குடி வந்துடறேன்” என்றார் அந்த அக்கா.

அந்த வாரக் கடைசியில் கொட்டகையில் ஒரு மண்பானையும் கோப்பையும் வைத்தோம். கூட்டம் தாங்கவில்லை.

பிறகு லயத்துக்காரர்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நான் வேதக்காரன். என் கழுத்தில் விசிலுக்குப் பக்கத்தில் சிலுவையும் தொங்கும். வேதக்காரன் வாயால் கேட்டால் தடங்கல் ஒட்டாது என்று யாரோ சொல்ல, எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஜாகா கட்டையைத் தூக்குவார், நான் கேட்பேன், அவர்கள் பதில் சொல்லிவிட்டுப் போவார்கள். பானைக்கு வேலை குறைந்தது. ஓர் உண்மையை நான் அவர்களிடம் சொல்லவில்லை. பாடாங் செராயில் எங்கள் வீட்டில், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற என் அம்மாவே, கிளம்பும்போது நான் எங்கே என்று கேட்டுவிட்டால் சிலுவை போட்டுக்கொண்டு, அதோடு நிற்காமல் உட்கார்ந்து தண்ணீரும் குடிப்பார். இரண்டு பக்கமும் காப்புறுதி.

அந்த ஏற்பாடு மழைக்காலம் முடியும்வரை நன்றாக ஓடியது. பிறகு கம்பெனி ஒரு வாசலுக்கு இரண்டு பேர் எதற்கு என்று கணக்குப் பார்த்தது. காலையில் ஒருவர், மதியத்துக்கு மேல் ஒருவர் என்று எங்களைப் பிரித்துவிட்டார்கள். மதியத்துக்கு மேல் ஜாகா தனியாகத்தான் கேட்க வேண்டும்.

நான் அவருக்குப் பயிற்சி கொடுக்க முடிவு செய்தேன். என்னைப் போன்ற ஆள் இன்னொருவருக்குக் காவல் தொழில் கற்றுக்கொடுத்தால் அந்தத் தோட்டத்தின் கதி என்ன என்று யாரும் அப்போது யோசிக்கவில்லை. அவர் வீட்டு முன்னால் இரண்டு நாற்காலிக்கு நடுவில் ஒரு மூங்கிலைக் கிடத்தி, அதுதான் வாசற்கட்டை என்றேன். முதலில் நானாகவே நடந்து போனேன். அவர் “எங்க” என்று ஆரம்பித்து இருமினார். பிறகு துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, கூடையை இடுப்பில் வைத்து, பாசாருக்குப் போகும் அக்காவாக ஒயிலாக வந்தேன். அவர் மூங்கிலைத் தூக்கிவிட்டார்.

உள்ளேயிருந்து அவர் மனைவி சிரித்தார். “கேட்டுத் தொலைங்களேன். பாவம், வேசம் போட்டுக்கிட்டு வந்திருக்காரு.”

“வேசத்த நீ எங்க பாத்த?” என்றார் ஜாகா.

“நட சத்தமே காட்டிக்குடுக்குதே. பொம்பள இப்புடியா நடப்பா?”

நான் துண்டை எடுத்துவிட்டு, அண்ணே, நான் எங்கும் போகவில்லை, பொய்யாகத்தான் போகிறேன், பொய்யாகக் கேளுங்கள் என்று கெஞ்சினேன். அவர் மூங்கிலை நாற்காலிகளின் மேல் திரும்பக் கிடத்தினார்.

“பொய்யாப் போனாலும் நீங்க நல்லபடியாப் போய்ச் சேரணும்ல, தம்பி” என்றார்.

அன்றைய பயிற்சி அத்துடன் முடிந்தது. அவர் மனைவியின் சிரிப்பும் நின்றுவிட்டது.

அதன் பிறகு வந்த ஒரு சாயங்காலம், மறந்துவிட்டு வந்த சோற்றுச் சட்டியை எடுக்க நான் வாசலுக்குப் போனேன். கட்டை மேலே தூக்கியபடியே இருந்தது. வெளியே, ரோட்டோரம் ஒரு வேன். ஜாகா பெஞ்சியில் தொப்பியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். எங்கள் அதிகாரி வேனின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே வரிசையாகத் தாம்பாளங்கள்: வெற்றிலை பாக்கு, பழம், பூ, மஞ்சள் பூசிய தேங்காய். பரிசம் போடப் போகிற வண்டி மாதிரியே இருந்தது. தாம்பாளங்களை ஒவ்வொன்றாக அவர் நகர்த்தியபோது, அடியில் சாக்குப் போட்டு மூடிய ரப்பர் ஷீட்டுக் கட்டுகள் தெரிந்தன. ஜாகாவைச் சோதிக்க, தோட்டத்துத் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணியிடம் முன்கூட்டியே சொல்லி ஆலையில் ஏற்றியது. ஓட்டி வந்தவர் எங்கள் கம்பெனி ஆள், பட்டு வேட்டியில் இருந்தார்.

நடந்ததை அதிகாரியே எனக்குச் சொன்னார். உள்ளேயிருந்து வேன் வந்ததும் ஜாகா தாம்பாளங்களைப் பார்த்திருக்கிறார். யார் வீட்டில் விசேஷம் என்று கேட்கவில்லை. போகிறவர்களுக்குத் தனி ஆளாக எதிரே நிற்கக் கூடாதென்று ஓரமாக ஒதுங்கி, கட்டையைத் தூக்கி, கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார். “தூரமா?” என்றுகூடக் கேட்கவில்லை.

“வெத்தலத் தட்டோட போறவன மறிச்சு, எங்க போறன்னு கேக்கச் சொல்றீங்களா, சார்?” என்றார் ஜாகா. குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பது போலத்தான் இருந்தது.

“திருடனுக்கும் இந்தச் சகுனமெல்லாம் தெரியும்லா, அண்ணே” என்றார் அதிகாரி.

அவர் கெட்டவர் இல்லை. அதைச் சொல்லும்போது அவர் ஜாகாவைப் பார்க்காமல் தேங்காயைத்தான் பார்த்தார். நான் ஏதாவது சிரிப்பாகச் சொல்லி நிலைமையை மாற்றலாம் என்று வாயைத் திறந்தேன். எந்தச் சாவு வீட்டிலும் என்னை நம்பி ஒரு நாற்காலி போடுவார்கள், நான் யாரையாவது சிரிக்க வைத்துவிடுவேன் என்று. அன்றைக்குச் சோற்றுச் சட்டியை எடுத்துக்கொண்டு நின்றேன்.

மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். பெரிய கிராணியிடம் போய்ப் பேசினேன். அவர் தோட்டத்து மேனேஜர் துரையிடம் பேசினார். துரை, வாசல் இப்போது கம்பெனியுடையது என்றார். கம்பெனியில் போய்ப் பேசினால், வீடு தோட்டத்துடையது என்றார்கள். காவல் வேலையில் நான் நடந்த ரோந்திலேயே நீளமானது அதுதான், அதில் எந்தக் கதவும் திறந்திருக்கவில்லை.

அவர்கள் கிளம்பிய நாள் காலையில் என் முறை. தஞ்சோங் டாவாயிலிருந்து மீன் ஏற்றி வருகிற லோரி ஒன்றைப் பேசியிருந்தார்கள். கழுவியும் வாசம் போகவில்லை. கட்டில், அம்மி, கோழிக்கூடு எல்லாம் ஏறியிருந்தன. அவர் மனைவி முன்சீட்டில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் எதிரே இருந்ததைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவு எங்கே, கைப்பிடி எங்கே, கண்ணாடி எங்கே என்று. அதிகாரியும் வந்திருந்தார். புது ஆளைக் கொண்டுவந்து விடுகிற நாள் அது. அவன் என் பக்கத்தில் புத்தம்புதுச் சீருடையில் நின்றான். அவனுக்குச் சட்டை அளவாக இருந்தது.

சாமான் ஏற்றிய வண்டி வெளியே போனால் நிறுத்திக் கேட்க வேண்டும். இதற்குத்தான் எனக்குச் சம்பளம். அதிகாரி என் பின்னால் நின்றார். நான் கட்டையை இறக்கினேன். லோரி நின்றது. ஜாகா சாமான்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தவர் எழுந்து என்னைப் பார்த்தார். என் கஷ்டம் அவருக்குப் புரிந்துவிட்டது.

“கேளுங்க தம்பி” என்றார். “நீங்க கேட்டா ஒட்டாது.”

நான் கேட்டேன். எங்கே போகிறீர்கள், அண்ணே.

அவர் மெதுவாக இறங்கினார். கொட்டகைக்குள் வந்து பெஞ்சியில் உட்கார்ந்தார். பானையில் மொண்டு ஒரு வாய் குடித்தார். இன்னொரு கோப்பை மொண்டு, சிந்தாமல் எடுத்துப் போய், முன்சீட்டில் இருந்த மனைவியின் கையைப் பிடித்து அதில் வைத்தார். அவர் குடித்து முடிக்கும்வரை நின்றார். கோப்பையைக் கழுவிப் பானை மேல் கவிழ்த்துவிட்டுப் போய் மறுபடி ஏறிக்கொண்டார். வேதக்காரன் வாய் ஒட்டாது என்பதை அந்தத் தோட்டத்தில் நம்பாத ஒரே ஆள் அவர்தான் போலிருக்கிறது. இத்தனை நாளும் என் மனம் நோகக் கூடாதென்று சொல்லாமல் இருந்திருக்கிறார்.

லோரி மறுபடி உறுமியது. புதிதாகக் கிளம்புகிறவரைப் புதிதாகக் கேட்க வேண்டும். புது ஆள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான், கற்றுக்கொள்ள. நான் திரும்பி அதிகாரியைப் பார்த்தேன். அவர் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். அது அவிழ்ந்திருக்கவே இல்லை.

“தூரமா, அண்ணே?” என்றேன்.

“தூரந்தான், தம்பி.”

நான் தனியாக எதிரே நிற்காமல் ஓரமாக ஒதுங்கிக்கொண்டேன். சட்டைக் கை நீளம். கட்டையைத் தூக்கும்போது அது வழிந்து விரல்களை மூடிக்கொண்டது.